கயிறும் கேமராவும்: செட்டிநாட்டுப் பந்தய மாடுகளிடம் வேலைக்குச் சேர்பவருக்கு ஒரு வழிகாட்டி

மாட்டு வண்டிப் பந்தயத்துக்கு மாடு வளர்க்கும் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, கூடவே பந்தயத்தைப் படமும் எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், திருப்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும். நான் அப்படித்தான் செய்கிறேன். தினமும் தண்ணி காட்டித் தடவிக்கொடுத்த மாடு எந்த நொடியில் காதைப் பின்னால் மடிக்கும், எந்த வளைவில் இடத்தை மாடு, அதாவது இடப்பக்கம் பூட்டிய மாடு, முந்தி இழுக்கும் என்பது பராமரிப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். அதனால்தான் அவர் எடுக்கும் படத்தில் உயிர் இருக்கிறது. ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் மாடு, அப்புறம்தான் படம். கேமராவை மனதில் வைத்துக்கொண்டு மாட்டிடம் போகிறவரை மாடும் நம்பாது, மாட்டுக்காரரும் நம்பமாட்டார்.

முதலில் பந்தயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கொங்குப் பக்கம் ரேக்ளா என்றால் 200 மீட்டர், 300 மீட்டர் என்று நேர்க்கோட்டில் ஓட்டி, எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துப் பரிசு கொடுப்பார்கள். நம் பக்கம் நடப்பது எல்லைப் பந்தயம். ஊர்ச் சாலையில் புறப்பட்டு, குறித்த எல்லை வரை போய், அங்கே திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். தூரத்தை இன்றைக்கும் மைலில்தான் சொல்கிறார்கள். பெரிய மாட்டுக்குப் போக வர 8 மைல், சின்ன மாட்டுக்கு 6 மைல் அல்லது 5 மைல் என்று நோட்டீஸில் பார்க்கலாம். 8 மைல் என்பது கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர். நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று வேறு பிரிவுகளும் உண்டு. பிரிவும் தூரமும் ஊருக்கு ஊர் மாறும். அதனால் நோட்டீஸைக் கையில் வாங்கி ஒருமுறை முழுசாகப் படியுங்கள். எந்தப் பிரிவுக்கு எது எல்லை என்று தெரியாமல் போனால், நீங்கள் நிற்கும் இடத்துக்கு உங்கள் வண்டி வரவே வராது.

வண்டியில் சாரதி ஒருவர், துணைச் சாரதி ஒருவர். முதல் நான்கு இடங்களுக்குப் பரிசு இருப்பது வழக்கம். பல ஊர்களில் எல்லையில் முதலில் கொடி வாங்கும் சாரதிக்கும் தனிப் பரிசு உண்டு. வண்டி அதிகமாகச் சேர்ந்துவிட்டால் ஒரே பிரிவை இரண்டாகப் பிரித்து ஓட்டுவார்கள். பெரும்பாலும் காலையில், வெயில் ஏறுவதற்குள். தைப் பொங்கல், கோயில் திருவிழா, கும்பாபிஷேகம், புரவியெடுப்பு என்று ஏதாவது ஒன்றை ஒட்டித்தான் பந்தயம் வரும். வைகாசி, ஆனி மாதங்களில் ஒரு வாரத்துக்குள்ளேயே பக்கத்துப் பக்கத்து ஊர்களில் நடப்பதும் உண்டு.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2014 மே 7-ம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் சேர்த்தே நிறுத்தியது. 2017-ல் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. இத்தனையும் கடந்துதான் இன்று பந்தயம் நடக்கிறது. காவல்துறை அனுமதி இல்லாத பந்தயத்துக்கு மாட்டையும் கொண்டுபோகாதீர்கள், கேமராவையும் கொண்டுபோகாதீர்கள். அனுமதி வாங்கியாகிவிட்டதா என்று கமிட்டிக்காரர்களிடம் நேராகக் கேட்கலாம். அதில் தவறே இல்லை.

வேலை கேட்டுப் போவது

தெரிந்தவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். மாமன் மச்சான் முறையில் யாராவது இருப்பார்கள். இல்லையென்றால் மாட்டுக்கு லாடம் கட்டுபவரைப் பிடியுங்கள். எந்த வீட்டில் ஆள் தேவைப்படுகிறது, எந்த வீட்டில் மாட்டை நன்றாக வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். போகும்போது கேமராப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

"அண்ணே, கொஞ்ச நாளைக்குச் சாணி அள்ளி, கொட்டகை கூட்டிப் போட்டுக்கிட்டு இருக்கேண்ணே. மாட்டப் பாத்துப் பழகிக்கிறேன்" என்று கேட்டால் யாரும் விரட்டமாட்டார்கள். "மாட்டோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று தொடங்கினால், எடுத்துக்கொண்டு போ என்பார்கள். அதோடு முடிந்துவிடும்.

சம்பளத்தை முதல் நாளே பேசிவிடுங்கள். மாதச் சம்பளமா, பந்தயத்துக்குப் போனால் தனிப் படியா, பரிசு கிடைத்தால் பங்கு உண்டா, சாப்பாடு யார் பொறுப்பு, மாடு முட்டி அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மாட்டை அணுகுவது

மாட்டின் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அதனால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாமே அதற்குத் தெரியும், நேர் பின்பக்கம் தவிர. பின்னால் இருந்து சத்தமில்லாமல் போகாதீர்கள். தோள்பட்டைப் பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். எந்த வார்த்தை என்பது முக்கியமில்லை, குரல் தினமும் ஒன்றாக இருக்க வேண்டும். குதிரை நேராகப் பின்னால் உதைக்கும். மாடு காலை முன்னே கொண்டுவந்து பக்கவாட்டில் வீசும். ஆகவே தொடைப் பக்கம் நிற்பதும் பாதுகாப்பில்லை. உடம்பில் தொடும்போது முதலில் தோளில் கை வைத்து, கையை எடுக்காமலே அப்படியே பின்னால் போங்கள். விட்டு விட்டுத் தொட்டால் துள்ளும்.

கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது. மடித்துப் பிடிக்கலாம், வளையமாக மணிக்கட்டில் போடக் கூடாது. மாடு ஓடினால் கயிறு போகட்டும். விரல் போனால் வராது.

சிவப்புத் துணியைக் கண்டால் மாடு சீறும் என்பது வெறும் பேச்சு. மாட்டுக்குச் சிவப்பு அப்படித் தனியாகத் தெரிவதில்லை. அதை மிரள வைப்பது அசைவு. படபடக்கும் துண்டு, திடீரென விரியும் குடை, கழுத்தில் தொங்கி ஆடும் கேமரா வார் எல்லாம் ஆபத்து. கேமரா வாரைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

அன்றாட வேலை

விடியுமுன் எழுந்து கொட்டகைக்குப் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை பார்ப்பது. தொடுவதற்கு முன், தீனி போடுவதற்கு முன் பாருங்கள். இரவு போட்ட வைக்கோல் தீர்ந்திருக்கிறதா? படுத்து அசை போடுகிறதா? சாணம் இறுகியிருக்கிறதா, தண்ணியாகப் போயிருக்கிறதா? மூக்கு முனையில் ஈரம் இருக்கிறதா? அசை போடாத மாடும், மூக்கு காய்ந்த மாடும் அன்றைக்கு வண்டி பூட்டத் தகுதியில்லை. ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கொட்டகையில் வையுங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் மாட்டின் இயல்பான சூடு 101.5 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். உங்கள் மாட்டுக்கு நல்ல நாளில் எவ்வளவு இருக்கிறது என்று சில நாள் காலையில் பார்த்துக் குறித்து வைத்தால், காய்ச்சல் வரும் நாளில் சந்தேகமே வராது. மூச்சையும் அப்படியே எண்ணிப் பழகுங்கள். விலா ஏறி இறங்குவது ஒரு மூச்சு. ஓய்வில் எத்தனை என்று தெரிந்திருந்தால்தான் ஓடி வந்தபின் எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று சொல்ல முடியும். மாட்டின் தகுதியைச் சொல்ல இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியாது.

அடுத்தது கால். ஒவ்வொரு குளம்பையும் தூக்கிப் பார்க்க மாடு விட வேண்டும் என்றால் நீங்கள் தினமும் தூக்கியிருக்க வேண்டும். பிளவுக்குள் சரளைக்கல், முள் சிக்கியிருக்கும். இந்தப் பக்கம் செம்மண்ணும் சரளையும் கலந்த தரை, சீமைக்கருவேல முள்ளுக்கும் பஞ்சமில்லை. தார்ச் சாலையில் ஓடும் மாட்டுக்கு லாடம் கட்டாயம். ஆணி தளர்ந்திருந்தால் தட்டும்போது சத்தம் வேறு மாதிரி வரும். ஆணி தளர்ந்த லாடத்தோடு ஒரு அடிகூட ஓட்டாதீர்கள்.

கழுத்தைத் தடவிப் பாருங்கள். நுகத்தடி உட்காரும் இடத்தில் சூடோ வீக்கமோ மயிர் தேய்ந்த இடமோ இருந்தால், புண்ணாவதற்கு முன்பே ஓய்வு கொடுக்க வேண்டும். மூக்கணாங்கயிறு பழசாகி முடிச்சு உரசினால் மூக்குத் துளையில் புண் வரும், ஈ மொய்க்கும், புழு வைக்கும். கயிறை மாற்றுவதற்குச் சோம்பல் படக் கூடாது.

தீனி விஷயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை இருக்கிறது. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிக் கொடுப்பார்கள், உளுந்து, கொள்ளு, துவரம்பொட்டு, தவிடு, பேரீச்சம்பழம், முட்டை என்று பட்டியல் நீளும். புதிதாக வந்தவர் அதில் எதையும் மாற்றாதீர்கள். ஒன்று மட்டும் எல்லா வீட்டுக்கும் பொது: தானியத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு புளித்து உப்பும், மாடு செத்தே போகலாம். கூட்டுவதானாலும் குறைப்பதானாலும் ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக. வைக்கோலோ சோளத்தட்டையோ பச்சைப்புல்லோ, நார்த்தீனி குறையவே கூடாது. கோடையில் ஒரு பெரிய மாடு நாளுக்கு 40 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். தொட்டி எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

பயிற்சி என்பது வண்டி பூட்டி ஓட்டுவது மட்டுமில்லை. நடை, கண்மாயில் நீச்சல், ஈர வயலில் உழவு எல்லாம் சேர்ந்ததுதான். நீச்சல் கால் மூட்டுக்கு அடி விழாமல் மூச்சை வளர்க்கும். கண்மாயில் தண்ணீர் இருக்கும் மாதங்களை வீணாக்காதீர்கள். நீச்சலில் கயிறு தளர்வாக இருக்க வேண்டும், மாட்டின் தலை தண்ணீருக்குமேல் சுதந்திரமாக நிற்க வேண்டும், நீங்களும் நீந்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கால்நடை மருந்தகத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். இந்த எண்ணை போனில் மட்டும் வைக்காமல் கொட்டகைத் தூணிலும் எழுதுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் மாட்டைப் பார்க்கிற பெரியவருக்கும் அது தெரிய வேண்டும்.

பந்தய நாள்

முந்தின நாள் கடும் பயிற்சி வேண்டாம். சும்மா நடத்தினால் போதும். வண்டியைத்தான் பார்க்க வேண்டும்: கடையாணி, அச்சு, ஆரக்கால், பூட்டாங்கயிறு. அச்சில் மசகு மை போட்டாகிவிட்டதா என்று சாரதியிடம் கேட்டு, நீங்களும் ஒருமுறை சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். மினி லாரியில் ஏற்றும்போது அடியில் வைக்கோலோ மணலோ பரப்பாமல் ஏற்றாதீர்கள். இரும்புத் தகட்டில் லாடக்கால் வழுக்கும். களத்துக்கு முன்னதாகவே போய்ச் சேர்வது நல்லது. கூட்டத்தையும் மைக் சத்தத்தையும் வெடியையும் மாடு பழக நேரம் வேண்டும்.

காலையில் வயிறு முட்டத் தீனி கூடாது. தண்ணீர் அளவாக. ஓடி வந்ததும் மாட்டை அப்படியே நிறுத்திக் கட்டிவிடாதீர்கள். நுகத்திலிருந்து அவிழ்த்து, மூச்சு அடங்கும்வரை நிழலில் மெல்ல நடத்துங்கள். கழுத்து, நெஞ்சு, கால்களில் தண்ணீர் ஊற்றுங்கள். குடிக்க ஒரேயடியாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுக் காட்டுங்கள். நாக்கு வெளியே தள்ளி, எச்சில் வழிய, மூச்சு குறையாமல் நின்றால் மருத்துவரைக் கூப்பிட நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பரிசளிப்பு மேடை காத்திருக்கட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வாலை முறுக்குவது, வாலைக் கடிப்பது, தார்க்குச்சியில் ஆணி, கண்ணில் மிளகாய்ப்பொடி, வாயில் சாராயம் இவை அத்தனையும் 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். குற்றம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நன்றாகத் தின்று, நன்றாகத் தூங்கி, நன்றாக நீந்திய மாட்டுக்கு அவை எதுவும் தேவைப்படுவதில்லை. இதெல்லாம் நடக்கும் வீட்டில் வேலைக்கு இருக்காதீர்கள். இந்தப் பந்தயம் இன்னொருமுறை நின்றுபோனால் அதற்குக் காரணம் இப்படிப்பட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

கயிறு கையில் என்றால் கேமரா பையில்

இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்பவருக்கு இதுதான் சட்டம். ஒரு கையில் பிடிகயிறு, மறுகையில் போன் என்று நிற்பவரை ஒவ்வொரு களத்திலும் பார்க்கலாம். அவர் மாட்டையும் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. உங்கள் ஜோடி ஓடும் பிரிவில் நீங்கள் துணையாள் மட்டும்தான். புறப்படும்போது மாட்டைப் பிடித்து நிறுத்தி விடுவதும், திரும்பி வந்ததும் வாங்கி நடத்துவதும் உங்கள் வேலை. மற்றப் பிரிவுகள் ஓடும்போது, மாட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, மாட்டை இன்னொரு ஆளிடம் கயிறு மாற்றிக் கொடுத்துவிட்டு, கேமராவை எடுங்கள். "அண்ணே, நடுமாடு போய்த் திரும்புற வரைக்கும் எல்லைக்குப் போயிட்டு வர்றேன்" என்று ஒரு வார்த்தை.

பந்தயத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் நேரம் உங்களுக்கு மட்டுமே கிடைத்த வரம். கொம்புக்கு எண்ணெய் தேய்ப்பது, சலங்கை கட்டுவது, சாரதி மாட்டின் நெற்றியில் நெற்றி வைத்து நிற்பது, அவிழ்த்துவிட்டபின் இரண்டு மாடும் ஒரே வாளியில் வாய் வைப்பது. வெளியிலிருந்து வருகிற கேமராக்காரருக்கு இந்த இடத்துக்குள் அனுமதி கிடையாது. கிடைத்தாலும் மாடு நிமிர்ந்து பார்த்துவிடும்.

எங்கே நிற்பது

முந்தின நாளே சாலையில் போய் சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து வையுங்கள். காலைப் பந்தயம், சாலை கிழக்கு நோக்கிப் போகிறது என்றால், போகும்போது வண்டிகள் வெயிலை நோக்கி ஓடும். அவற்றுக்கு முன்னால் தள்ளி நின்று எடுத்தால் மாட்டின் முகத்திலும் சாரதி முகத்திலும் வெளிச்சம் விழும். திரும்பும்போது சூரியன் அவற்றின் பின்னால். அப்போது முகம் இருட்டும், ஆனால் கிளம்புகிற செம்மண் புழுதி பொன்னாக எரியும். போகும்போது முகம், வரும்போது புழுதி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாலை மேற்கு நோக்கிப் போனால் எல்லாம் தலைகீழ். தெற்கு வடக்காக ஓடும் சாலையில் கிழக்கு ஓரத்தில் நின்று பக்கவாட்டில் எடுங்கள்.

சாலையின் மேல் நிற்காதீர்கள். படுக்கவே படுக்காதீர்கள். வளைவின் வெளிப்பக்கம் கூடாது. வேகத்தில் வரும் வண்டி சறுக்கினால் வெளிப்பக்கம்தான் போகும். எல்லையில் திரும்பும் இடம் படத்துக்கு மிகவும் நல்ல இடம், அடிபடுவதும் அங்கேதான் அதிகம். இரண்டு மூன்று வண்டி ஒன்றாகத் திரும்பும்போது நுகத்தடியோடு நுகத்தடி உரசும், மாடு தாண்டும், கடையாணி தெறிக்கும். அங்கே ஒரு மரத்துக்கோ, மண் மேட்டுக்கோ, கண்மாய்க் கரைக்கோ பின்னால் நின்று நீள லென்ஸால் எடுங்கள். கண்மாய்க் கரை உயரம் கொடுப்பதால் வரிசையாக வரும் வண்டிகள் ஒன்றை ஒன்று மறைக்காது. பின்னணியில் பனை வரிசை இருந்தால் அந்த இடத்தை விடாதீர்கள். செடியும் கம்பியும் பேனரும் நிறைந்த இடம் வேண்டாம்.

பைக்கில் ஏறி வண்டியோடு ஓட்டிக்கொண்டே எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து செய்யாதீர்கள். மாட்டுக்குப் பக்கத்தில் ஹாரனும் புகையும், பின்னால் விழுந்த துணைச் சாரதியின் மேல் ஏறும் ஆபத்தும் சேர்ந்தது அது. போலீஸாரும் இதைத் தடுக்கச் சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறார்கள். ட்ரோனும் அப்படித்தான். தலைக்குமேல் இரையும் பொருளை எந்த மாடும் சும்மா விடாது.

கேமரா வைக்கும் முறை

ஓட்டத்தை உறைய வைக்க ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும். குளம்பும் தெறிக்கும் சரளையும் தெளிவாக வேண்டுமானால் 1/1600. பின்னணி இழுபட்டு மாடு மட்டும் தெளிவாக நிற்க வேண்டுமானால் 1/60 முதல் 1/125 வரை வைத்து, வண்டியோடு சேர்ந்து இடுப்பைத் திருப்பி எடுக்க வேண்டும். கையைத் திருப்பினால் வராது, இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். அழுத்திய பின்னும் திருப்பத்தை நிறுத்தாதீர்கள்.

ஜோடி மாடு என்பதால் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு தலையும் ஒரே தூரத்தில் இருக்காது. 200 எம்.எம். லென்ஸில் எஃப் 2.8 என்று திறந்து வைத்தால் ஒரு மாட்டின் கண் கூர்மையாகவும் மற்றதன் கண் மங்கலாகவும் வரும். எஃப் 5.6 அல்லது 8-க்குப் போங்கள். போகஸ் தொடர்ந்து பின்தொடரும் முறையில் இருக்கட்டும். முன்னால் வரும் மாட்டின் கண்ணில் பிடியுங்கள். நின்று எடுக்காமல் மாட்டின் கண் உயரத்துக்குக் குனியுங்கள். மனித உயரத்திலிருந்து எடுத்த படத்தில் மாடு சிறுத்துப்போகும்.

மாட்டின் நிறத்தைப் பார்த்து வெளிச்சத்தை மாற்றுங்கள். வெள்ளை மாடும் சாம்பல் நிற மயிலையும் வெயிலில் வெளிறிப் போகும். படம் முழுவதும் மாடே நிறைந்தால் கேமரா தானாகவே இருட்டாக்கிவிடும், பின்னணி இருண்டிருந்தால் மாடு எரிந்துவிடும். ஆகவே கேமரா சொல்வதை நம்பாமல் திமிலின் மேல் மயிர் தெரிகிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். காரி என்கிற கருப்பு மாட்டுக்கு ஒரு படி கூட்டினால்தான் கண் தெரியும். செவலை மாடு செம்மண்ணில் கரைந்துவிடும். அதற்குப் பச்சை வயலோ வானமோ பின்னணியாக வேண்டும்.

1878-ல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் ஓடுபாதையோரம் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையைப் படம் எடுத்தார். நான்கு காலும் தரையை விட்டு எழும் கணம் ஒன்று உண்டு என்றும், அது கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போது அல்ல, வயிற்றுக்கடியில் கூடும்போது என்றும் அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. நம் மாட்டுப் படத்திலும் கால்கள் கூடும் கணத்துக்கும் நீளும் கணத்துக்கும் தோற்றம் வேறு. தொடர்ச்சியாக எடுத்துவிட்டுப் பிறகு தேர்ந்தெடுப்பதுதான் வழி.

போனில் எடுப்பவர்கள், வண்டி வரப்போகும் இடத்தில் சாலையைத் திரையில் தொட்டுப் பிடித்து போகஸைப் பூட்டி வைத்துக்கொண்டு, வண்டி அங்கே வந்ததும் தொடர் படம் எடுங்கள். ஜூம் வேண்டாம், பிறகு வெட்டிக்கொள்ளலாம். பிளாஷ் எந்தக் கேமராவிலும் கூடாது. புழுதியில் லென்ஸ் மாற்றாதீர்கள். முகப்புக் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தால் செம்மண் துகள் கீறிவிடும். முதலில் ஊதுகுழலால் ஊதுங்கள்.

குதிரைப் பக்கம் போக நினைத்தால்

சில ஊர்களில் குதிரை வண்டிப் பந்தயமும் சேர்த்து நடத்துகிறார்கள். மாட்டிடம் கற்றதை அப்படியே குதிரையிடம் கொண்டுபோக முடியாது. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. அதனால் வயிற்று வலி என்றால் உயிருக்கே ஆபத்து. படுத்துப் புரண்டால், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் தாமதிக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். வியர்வை ஆறுமுன் தானியம் வைக்காதீர்கள். குளம்பின் அடியை இரும்புக் கொக்கியால் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். ரேஸ்கோர்ஸில் இந்த வேலை செய்பவரைச் சைஸ் என்பார்கள். அங்கே குதிரையை லாயத்திலிருந்து களத்துக்கு நடத்திக்கொண்டு போவது முதல் எல்லாவற்றுக்கும் எழுதப்பட்ட விதி உண்டு. படம் எடுக்க ரேஸ் கிளப்பின் அனுமதி வேண்டும். குதிரையின் சொந்தக்காரர் சொன்னால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

படத்தை யாருக்குக் கொடுப்பது

முதல் படம் மாட்டுக்காரருக்கு. இரண்டாவது சாரதிக்கு. அதற்குப் பிறகுதான் உங்கள் பக்கத்தில் போடுவது. ஒவ்வொரு படத்துக்கும் ஊர்ப் பெயர், பிரிவு, மாட்டுக்காரர் பெயர், சாரதி பெயர், எத்தனையாவது இடம் என்று அன்றைக்கு இரவே எழுதி வையுங்கள். இந்தப் பக்கம் வண்டிகள் ஊர்ப் பெயரோடும் வீட்டுப் பிள்ளை பெயரோடும்தான் அறிவிக்கப்படும். அதே பெயரில்தான் படத்தையும் தேடுவார்கள். மைக்கில் சொல்வதைப் போனில் பதிவு செய்துகொண்டால் பிழை வராது. பேனர் அடிக்கப் பெரிய அளவுப் படம் கேட்பார்கள். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். பணம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. நீங்கள் வேலை செய்யும் வீட்டு மாட்டுக்குப் பணம் கேட்காதீர்கள்.

விற்பனைக்கு மாட்டைப் படம் எடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள். பக்கவாட்டில் முழு உருவம், முகம், நான்கு கால், சுழிகள், வாயைப் பிளந்து பல், இத்தனையும் தெளிவாக வேண்டும். முதல் இரண்டு பல் சுமார் 2 வயதில் விழுந்து முளைக்கும், முன்பல் எட்டும் சேர 4, 5 வயது ஆகும். வாங்குபவர் பல்லைப் பார்த்துத்தான் விலை பேசுவார். கழுத்துப் புண்ணையும் தழும்பையும் கம்ப்யூட்டரில் அழித்துக் கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தோற்றுப்போன மாட்டின் படத்தையும், விழுந்து கிடக்கும் சாரதியின் படத்தையும் அவர்கள் சம்மதிக்காமல் வெளியில் விடாதீர்கள்.

படத்தை மாட்டுக்காகப் பார்ப்பது

புதிதாக வருபவர்கள் யாரும் எதிர்பார்க்காத பயன் இது. தொடராக எடுத்த படங்களை மறுநாள் வரிசையாக ஓட்டிப் பாருங்கள். நுகத்தடி ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறதா? அப்படியென்றால் ஒரு மாடு அதிகமாக இழுக்கிறது, அல்லது உயரம் ஒக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட கால் ஊன்றும்போதெல்லாம் தலை மேலே போகிறதா? அந்த முன்னங்காலில் வலி இருக்கலாம். ஒரு பக்கக் குளம்பு மட்டும் தட்டையாக விழாமல் விளிம்பில் விழுகிறதா? லாடத்தைப் பாருங்கள். புறப்படும்போதும் எல்லையிலும் கடைசி மைலிலும் எடுத்த முகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த இடத்தில் மாடு தளர்ந்தது என்று தெரிந்துவிடும். கண்ணால் பார்க்கும்போது இவை நொடியில் கடந்துபோகும்.

கண்டதை முதலில் மாட்டுக்காரரிடம் தனியாகக் காட்டுங்கள். சாரதி முன்னால், பத்துப் பேர் நடுவில் காட்டினால் குறை சொல்வது போலாகிவிடும். பிறகு சாரதியையும் லாடம் கட்டுபவரையும் கொட்டகைக்கே கூப்பிட்டு, படத்தில் பார்த்த காலைத் தூக்கி, விரலால் அழுத்திப் பாருங்கள். சூடோ வலியோ இருந்தால் அடுத்த பந்தயத்துக்குக் கொடுத்திருக்கும் பெயரை அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொண்டு, கால்நடை மருத்துவரிடம் அந்தப் படங்களையும் சேர்த்துக் காட்டுங்கள்.